ஆங்கிலம் கற்க, தமிழில் கலவற்க!



இன்றைய உரைக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள், அன்றாட ஆங்கிலச் சொற்களையும் தொடர்களையும் தமிழ்ப்பிள்ளைகள் எவ்வாறு கற்க வேண்டும் என்பது. தனித்தமிழ் அரங்கில் ஆங்கிலக் கல்விக்கு என்ன வேலை என்று சிலர் வியக்கலாம்; சிலர் முகஞ்சுளிக்கவும் செய்யலாம். ஆங்கிலத்தின் மேலாண்மையைத் தமிழ்நிலத்தினின்று அகற்ற வேண்டிய காலத்தில், அதனைக் கற்பிக்க ஒரு கூட்டமா என்று வினவுவாரும் உளர். அவர்தம் தமிழ்ப்பற்று மெய்யானது. ஆனால் அவர்தம் வினா பிழையானது. ஆங்கிலத்தை முறையாகக் கற்றவரால் தமிழ் கெட்டதில்லை. அதனைக் கல்லாமலே கற்றதாகக் காட்டிக்கொள்ளும் போலிமையால்தான் தமிழ் நாடோறும் கெடுகின்றது. இதனை நிறுவுவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

சிற்றூரிலிருந்து வந்த மாணவி ஒருத்தி முதன்முதலாக நகரத்துக் கல்லூரி ஒன்றில் கால்வைக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் பயின்றவள். இயற்பியலும் கணக்கும் அவளுக்குக் கைவந்தவை. முதல்நாள் வகுப்பில், ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்று பேராசிரியர் ஆங்கிலத்தில் கேட்கிறார். வினா அவளுக்கு விளங்குகின்றது. விடையும் உள்ளத்தில் இருக்கின்றது. ஆனால் நா எழவில்லை; தலை கவிழ்ந்து நிற்கிறாள். பின்வரிசையில் மெல்லிய சிரிப்பொலி எழுகின்றது. அடுத்து, நகரத்துப் பிள்ளை ஒருவன் எழுந்து, “ஆக்சுவலி, எனக்கு மேத்சு ரொம்பப் பிடிக்கும், பிரீ டைமிலே கிரிக்கெட் பிளே பண்ணுவேன், டாடி பிசினசு பண்றார்” என்று படபடவெனப் பொழிகிறான். ஆங்கிலம் தெரிந்தவன் என்று வகுப்பு அவனை ஒப்புக்கொள்கின்றது.

அவன் சொன்ன மூன்று தொடர்களுள் ஆங்கிலத் தொடர் ஒன்றேனும் உண்டா? வினைமுற்றுகள் அத்தனையும் தமிழ். வேற்றுமை உருபுகள் தமிழ். சொற்கள் நிற்கும் வரிசையும் தமிழ். இடையிடையே தூவப்பட்ட உதிரிச் சொற்கள் மட்டுமே ஆங்கிலம். விடுப்பு வேண்டி ஆங்கிலத்தில் ஒரு மடல் எழுதுக என்று இருவர் கையிலும் தாளைக் கொடுத்துப் பாருங்கள். இருவர் எழுதுகோலும் ஒரே இடத்தில் நின்றுவிடும். அதே மடலைத் தமிழில் எழுதச் சொன்னால், அவள் எழுதிவிடுவாள். அவன் அங்கும் தடுமாறுவான். அவளுக்கு ஒரு மொழி முழுமையாக உண்டு. இன்னொன்று இனி வர வேண்டும். அவனுக்கோ இரண்டும் அரைகுறை. எனினும் தலை கவிழ்ந்து நின்றவள் அவள். நெஞ்சு நிமிர்த்தி அமர்ந்தவன் அவன். இந்தத் தலைகீழ் மதிப்பீடே தமிழகத்தைப் பற்றியிருக்கும் நோய். தன் குறையை அறிந்தவள் கற்றுவிடுவாள், அறியாதவன் கல்லான்.

‘பண்ணு’ என்னும் படுகுழி

இந்நோய் எவ்வாறு பரவுகின்றது என்பதை அடுக்களையிலேயே காணலாம். தமிழில் காயை நறுக்குவர், கீரையை அரிவர், கதிரை அறுப்பர், மரத்தை வெட்டுவர், பூவைக் கொய்வர், தலைமயிரைக் கத்தரிப்பர், மாங்காயின் தோலைச் சீவுவர், பனங்காயைச் செதுக்குவர். ஒவ்வொரு வினைக்கும் ஒரு கருவியும், ஒரு கையசைவும், ஓர் அளவும் உண்டு. அரிவது வேறு, நறுக்குவது வேறு என்பது பத்து அகவைப் பெண்பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. இன்றோ இவை அனைத்திற்கும் ‘கட் பண்ணு’ என்னும் ஒரே தொடர் போதுமானதாகிவிட்டது.

அவ்வாறே, வீட்டைக் கூட்டுவர், தரையை மெழுகுவர், கலங்களைத் துலக்குவர், பலகையைத் துடைப்பர், துணியை அலசுவர், அரிசியைப் புடைப்பர், களைவர், கீரையை ஆய்வர். இத்தனை வினைகளையும் ‘கிளீன் பண்ணு’ என்பது ஒரே வாயில் விழுங்கிவிட்டது. கதவைத் திறத்தலும், முடிச்சை அவிழ்த்தலும், குடையை விரித்தலும், பொதியைப் பிரித்தலும் ‘ஓப்பன் பண்ணு’ என்றாகிவிட்டன. காத்திரு என்பது ‘வெயிட் பண்ணு’ ஆயிற்று. முயன்று பார் என்பது ‘டிரை பண்ணு’ ஆயிற்று.

போனவை தமிழ்ச்சொற்கள், ஆனால் வந்தது ஆங்கிலமா? அதுவும் இல்லை. ஆங்கிலத்திலும் நறுக்குவதற்கு ‘சாப்’, தோலை நீக்குவதற்குப் ‘பீல்’, கதிரை அறுப்பதற்கு ‘ரீப்’, ஓரங்களைக் கத்தரிப்பதற்கு ‘டிரிம்’, மரத்தைச் செதுக்குவதற்குக் ‘கார்வ்’ என்று வெவ்வேறு சொற்கள் உள்ளன. கூட்டுவதற்குச் ‘சுவீப்’ உண்டு. துடைப்பதற்கு ‘வைப்’ உண்டு. ‘கட்’, ‘கிளீன்’ என்னும் இரு சொற்களோடு நின்றுவிட்டவனுக்கு இவை எவ்வாறு தெரியும்? அரிதலையும் நறுக்குதலையும் பிரித்தறிந்த தமிழச்சிக்கு, ‘இதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல், அதற்கு என்ன சொல்’ என்று கேட்கத் தோன்றும். எல்லாவற்றையும் ‘கட் பண்ணிய’வளுக்கு அக்கேள்வியே எழாது. தாய்மொழியில் உள்ள வேறுபாடுகளே அயன்மொழிச் சொற்களை இருத்தி வைக்கும் அறைகள். அறைகளை இடித்துவிட்டுச் சரக்கை எங்கே அடுக்குவது?

இன்னொரு கேட்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ‘பண்ணினேன், பண்ணுகிறேன், பண்ணுவேன்’ என்று காலங்காட்டும் பொறுப்பு முழுவதையும் தமிழ்வினை ஏற்றுக்கொள்வதால், அதனோடு ஒட்டி வரும் ஆங்கிலச் சொல் எக்காலத்தும் அசையாத கல்லாக நிற்கின்றது. ‘டிரை பண்ணினேன்’ என்பவன் ‘டிரைடு’ என்னும் இறந்தகால வடிவத்தைத் தன் வாழ்நாளில் ஒருமுறையேனும் ஒலிக்க வேண்டிய தேவை இல்லை. ‘கோ’ என்பது ‘வென்ட்’ என்றும் ‘கான்’ என்றும் திரிவதை அவன் நா அறிவதே இல்லை. நாளொன்றுக்கு நூறு ஆங்கிலச் சொற்களை வாயில் போட்டு மென்றாலும், ஆங்கிலத்தின் உயிர்நிலையாகிய வினைத்திரிபு அவனுக்குள் இறங்குவதில்லை. ஆண்டுக்கணக்கில் கலந்து பேசியும் ஆங்கிலம் வராமைக்குக் கரணியம் இதுவே. கலவைப்பேச்சு ஆங்கிலத்திற்கு ஏறும் படி அன்று. ஏறவிடாமல் தடுக்கும் சுவர்.

அங்கிளும் கசினும்

வினைச்சொல்லுக்கு நேர்ந்தது உறவுச்சொல்லுக்கும் நேர்ந்தது. தந்தைக்கு மூத்தவர் பெரியப்பா, இளையவர் சிற்றப்பா. தாயின் உடன்பிறந்தவர் அம்மான். தந்தையின் உடன்பிறந்தாள் அத்தை. தாயின் உடன்பிறந்தவர் பெரியம்மாவும் சின்னம்மாவும். பெரியப்பா சிற்றப்பா மக்கள் உடன்பிறப்புகள். அத்தை அம்மான் மக்கள் மைத்துன முறையினர். சொல்லைக் கேட்ட அளவில் இன்னார் இன்ன முறை என்பது புலப்படும். இவ்வமைப்பு முழுவதையும் ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’, ‘கசின்’ என்னும் மூன்று சொற்கள் மூடிவிட்டன. தெருவில் காய் விற்பவரும் அங்கிள். தாயோடு பிறந்தவரும் அங்கிள்.

ஆங்கிலேயரிடமும் இவ்வேறுபாடு ஒருகாலத்தில் இருந்தது என்பது இங்குப் பலருக்குத் தெரியாது. பழைய ஆங்கிலத்தில் தந்தையோடு பிறந்தவனுக்கு ஒரு சொல்லும், தாயோடு பிறந்தவனுக்கு வேறொரு சொல்லும் இருந்தன. அவ்வாறே தந்தையோடு பிறந்தவளுக்கும் தாயோடு பிறந்தவளுக்கும் தனித்தனிச் சொற்கள் இருந்தன. 1066ஆம் ஆண்டில் நார்மண்டியிலிருந்து வந்த படை இங்கிலாந்தை வென்றது. அரண்மனையும் வழக்குமன்றமும் பிரெஞ்சு பேசின. பிரெஞ்சிலிருந்து வந்த ‘அங்கிள்’, ‘ஆன்ட்’, ‘கசின்’ என்பவை அந்நாட்டின் பழஞ்சொற்களைத் தின்றுவிட்டன. ஆங்கிலேயர் பிரெஞ்சுக்குப் பறிகொடுத்ததன் தழும்பைத்தான் இன்று தமிழர் நாகரிகம் என்று நெற்றியில் இட்டுக்கொள்கின்றனர்.

அவ்வரலாறு அத்தோடு முடியவில்லை. மாட்டை வளர்த்த ஆங்கிலக் குடியானவன் அதனைக் ‘கௌ’ என்றான்; அதன் இறைச்சியை உண்ட பிரெஞ்சு பேசிய பெருமகன் ‘பீஃப்’ என்றான். உழைத்தவன் சொல் தொழுவத்திலும் உண்டவன் சொல் உண்கலத்திலும் நின்றன. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆங்கிலம் தன் நாட்டிலேயே தாழ்ந்தோர் மொழியாகக் கிடந்தது. 1362ஆம் ஆண்டில், மக்களுக்குப் பிரெஞ்சு விளங்கவில்லை என்பதைக் காட்டி, வழக்குகளில் ஆங்கிலத்திலேயே வாதிடுக என்று ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டிருந்தது என்பது எண்ணி நகைக்கத் தக்கது. எனினும் வயலிலும் அடுக்களையிலும் தாய்மார் வாயிலும் ஆங்கிலம் விடாது பேசப்பட்டமையால்தான், அரண்மனை கைவிட்ட அம்மொழி மீண்டும் அரண்மனைக்கு வந்தது. ஒரு மொழி வாழ்வதும் மாள்வதும் அன்றாடப் பேச்சில் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

ஆங்கிலத்திலும் தனிமொழிப் பற்றாளர் தோன்றியதுண்டு. இங்கிலாந்தின் தென்பகுதியாகிய டார்செட்டில் 1801இல் பிறந்து 1886இல் மறைந்த வில்லியம் பார்ன்சு என்னும் பாவலர், அயற்சொற்களை நீக்கி ஆங்கில வேர்களிலிருந்தே சொற்களை ஆக்க வேண்டும் என்றார். இலக்கணத்தைக் குறிக்கும் கிரேக்கவழிச் சொல்லுக்கு மாற்றாகப் ‘பேச்சுக்கலை’ என்று பொருள்படும் ‘சுபீச்சுகிராப்ட்’ என்னும் சொல்லை ஆண்டு, அப்பெயரில் 1878இல் ஒரு நூலும் எழுதினார். அவர் ஆக்கிய சொற்களுள் பெரும்பாலானவற்றை அந்நாடு ஏற்கவில்லை. ஆனால் இங்குக் கருதத்தக்கது, அவர் பன்மொழி பயின்றவர் என்பது. பிற மொழிகளை ஆழக் கற்றமையே அவர்க்குத் தம் மொழியின் தனித்தன்மையை உணர்த்தியது.

தொடர்களில் உள்ள நுட்பம்

இனி, அன்றாடத் தொடர்களுக்கு வருவோம். சொற்களை மட்டும் உருப்போட்டால் மொழி வந்துவிடாது. இரு மொழிகளும் எங்கெங்கே வேறுபடுகின்றன என்பதை அறிந்து கற்பதே கல்வி.

‘தண்ணீர் கொடுங்கள்’ என்னும் தமிழ்த்தொடரில், ‘உங்கள்பால் மதிப்புடையேன்’ என்பது ‘ங்கள்’ என்னும் ஈற்றிலேயே அடங்கியிருக்கின்றது. இதனைச் சொல்லுக்குச் சொல் மாற்றிக் ‘கிவ் மீ வாட்டர்’ என்று ஓர் ஆங்கிலேயரிடம் சொன்னால், அந்த ஈறு வழியிலேயே உதிர்ந்துபோய், வெறும் ஏவலாக அவர் காதில் விழும். சொன்னவர் பணிவானவர், கேட்டவர்க்கோ அவர் முரடர். அந்த மதிப்பை ஆங்கிலம் ‘பிளீசு’ என்னும் தனிச்சொல்லாலும், ‘குட் யூ’, ‘மே ஐ’ என்னும் வினா வடிவங்களாலும் காட்டுகின்றது. ஆகவே ஆங்கிலத்தில் பேசும்போது ‘பிளீசு’ கட்டாயம் வேண்டும். தமிழில் பேசும்போதோ அது வேண்டவே வேண்டா. ‘பிளீசு, தண்ணீர் கொடுங்கள்’ என்பது நனைந்த துணியை மீண்டும் நனைப்பது போன்றது. அங்கு வேண்டுவதை இங்குக் கொணர்வதும், இங்கு உள்ளதை அங்கு விட்டுவிடுவதுமே அரைகுறைக் கல்வியின் அடையாளம்.

‘நாம்’ என்றால் கேட்பவரும் அடங்குவர். ‘நாங்கள்’ என்றால் அடங்கார். ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ‘வீ’ ஒன்றே. ‘நீ உன் பெற்றோர்க்கு எத்தனையாவது பிள்ளை?’ என்று தமிழன் ஒரே சொல்லால் கேட்பதை ஆங்கிலத்தில் அவ்வாறு கேட்க இயலாது. சுற்றி வளைத்தே கேட்க வேண்டும். அரிசிக்கும் சோற்றுக்கும் ஆங்கிலத்தில் ‘ரைசு’ என்னும் ஒரு சொல்லே உண்டு. இவை ஆங்கிலத்தின் வறுமையைக் காட்டுகின்றன என்று மகிழ்ந்து நின்றுவிடுதல் கூடாது. ஆங்கிலத்தில் உள்ள வேறுபாடுகள் சில தமிழில் இல்லை. முழுக்கைக்கு ஒரு சொல்லும் மணிக்கட்டுக்குக் கீழ் உள்ளதற்கு வேறு சொல்லும் ஆங்கிலத்தில் உண்டு. தமிழ்ப்பேச்சில் இரண்டும் கை. பெயர்ச்சொல்லுக்கு முன் ‘ஏ’ வருமா ‘தி’ வருமா, எதுவும் வாராதா என்பது ஆங்கிலத்தில் பொருளையே மாற்றும். தமிழ்ப்பிள்ளைக்கு அது புதிது. நெடுநாள் பயில வேண்டியது.

தமிழில் ‘இன்று காலை’ என்பதைக் கொண்டு ‘டுடே மார்னிங்’ என்பர் பலர். ஆங்கிலேயர் ‘திசு மார்னிங்’, அதாவது ‘இந்தக் காலை’ என்றே சொல்வர். இரவில் ஒருவரைக் கண்டதும் ‘குட் நைட்’ என்பாரும் உண்டு. அது பிரியும்போது சொல்வது, கண்டவுடன் சொல்வதன்று. வீட்டைவிட்டுக் கிளம்பும் தமிழர் ‘போகிறேன்’ என்னாமல் ‘போய்வருகிறேன்’ என்பர்; பிரிவிலும் மீள்வரவை வைத்த பண்பு அது. ஆனால் அதனைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் பெயர்த்தால், கேட்பவர் குழம்புவார். அவர்க்கு அவர்தம் முறைப்படி ‘குட்பை’ சொல்லிவிட்டு, வீட்டில் அன்னைக்குப் ‘போய்வருகிறேன்’ என்று சொல்வதே இரு மொழியும் கற்றவன் செயல். அன்னைக்குப் ‘பை மம்மி’ என்று கையசைப்பவன் ஆங்கிலத்தைக் கற்றவனல்லன், தமிழை விற்றவன்.

எத்தனை சொற்கள் வேண்டும்?

ஆங்கிலம் வர வேண்டுமானால் மூன்று அகவையிலேயே குழந்தையை ஆங்கிலவழிப் பள்ளியில் தள்ள வேண்டும். கணக்கும் அறிவியலும் வரலாறும் ஆங்கிலத்திலேயே படிக்க வேண்டும். வீட்டிலும் ஆங்கிலமே பேச வேண்டும் என்னும் அச்சம் பெற்றோரை ஆட்டிப் படைக்கின்றது. 2012–13ஆம் கல்வியாண்டு முதல் தமிழக அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருமளவில் திறக்கப்பட்டன. கூலி வேலை செய்யும் தாயும் தன் பிள்ளை அப்பிரிவில் சேர்ந்தால்தான் மேலேறும் என்று நம்புகிறாள். அவளைப் பழித்தல் பிழை. தமிழ்வழியில் படித்தவனை வேலைவாயிலில் நிற்க வைத்து இழிவுபடுத்தும் குமுகாயமே அவளை அங்கு விரட்டியது. தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. ஆனால் தனியார் அலுவலகத்து வாயிலில் அச்சட்டம் செல்லாது. அங்கு அவன் வாய் திறந்து ஆங்கிலம் பேசியாக வேண்டும். ஆகலின், ‘ஆங்கிலம் வேண்டா’ என்று மேடையில் முழங்கிவிட்டுப் போவது அந்த ஏழைப்பிள்ளைக்குச் செய்யும் இரண்டகமாகும். அவனுக்குத் தமிழைக் காத்துக்கொண்டே ஆங்கிலம் பெறும் வழியைக் காட்ட வேண்டும்.

அவ்வழி உண்டா? உண்டு. 1930இல் ஆக்டன் என்னும் ஆங்கில அறிஞர், அன்றாடக் கருத்துகளை வெளியிட 850 சொற்களே போதும் என்று ஒரு பட்டியலை வெளியிட்டார். அவற்றுள் பொருட்பெயர்கள் 600, பண்புச்சொற்கள் 150, தொடரை இயக்கும் வினை முதலிய சொற்கள் 100. அவ்வளவு குறைத்தல் மிகை என்று சொல்வாரும் உண்டு. வங்காளத்து டாக்காவில் கல்விப்பணி ஆற்றிய மைக்கேல் வெசுட்டு என்பார் 1953இல் வெளியிட்ட பொதுச்சொற் பட்டியல் ஏறத்தாழ 2,000 சொற்களைக் கொண்டது. அதனையே அளவாகக் கொள்வோம். நாளுக்கு மூன்று சொற்கள் கற்றால் ஓராண்டில் 1,095, ஈராண்டில் 2,190. பத்தாண்டுக் காலப் பள்ளிக் கல்வியில் ஆங்கிலத்தை ஒரு பாடமாக முறையோடு கற்பித்தாலே இதனைப் போல் சில மடங்கு கற்றுவிடலாம். இதற்காகக் கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் ஏன் படிக்க வேண்டும்? கல்வியைத் தாய்மொழியில் தொடங்குவதே சிறந்தது என்று யுனெசுக்கோ அமைப்பும் 1953ஆம் ஆண்டின் அறிக்கையில் எடுத்துரைத்தது. குறை தமிழ்வழியில் இல்லை. ஆங்கிலப் பாடத்தைப் பேசவும் எழுதவும் பயிற்றாமல், தேர்வுக்கு உருப்போட வைக்கும் முறையில்தான் உள்ளது.

கற்றோர் காட்டிய வழி

தமிழகம் வந்து தமிழ் கற்ற மேனாட்டாரைப் பாருங்கள். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் மக்கள் பேசும் தமிழுக்கு ஓர் இலக்கணமும் செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் எனத் தனித்தனியே இலத்தீனில் எழுதினார். 1732இல் சதுரகராதியைத் தொகுத்தார். தம் தமிழ்ப்பாட்டில் இத்தாலியச் சொற்களைத் தூவித் தம் பெருமையைக் காட்டினாரில்லை. போப்பையர் 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தார். அவர்தம் ஆங்கிலம் ஆங்கிலமாகவே இருந்தது, தமிழ் தமிழாகவே இருந்தது. 1847இல் யாழ்ப்பாணம் சென்ற அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிரீன், தமிழை நன்கு கற்று, மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து மருத்துவர்களை உருவாக்கினார். மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கினார். அறுவை மருத்துவத்தையே தமிழில் சொல்ல முடிந்த மண்ணில், காய் நறுக்குவதைச் சொல்லத் தமிழ் போதவில்லையாம்!

தனித்தமிழ் இயக்கத்தின் முதல்வரோ ஆங்கிலப் பகைவரல்லர். 1916இல் அவ்வியக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகள் ஆங்கிலம் ஆழ்ந்து கற்றவர். ஆங்கிலத்தில் இதழும் நடத்தியவர். மொழிஞாயிறு பாவாணர், உலக முதற்செம்மொழி தமிழே என்னும் தம் கொள்கையை உலகறியச் செய்ய 1966இல் ஆங்கிலத்திலேயே நூல் எழுதினார். அவர்கள் ஆங்கிலத்தைப் படைக்கலமாகக் கையில் ஏந்தினர். அணிகலனாகக் கழுத்தில் பூணவில்லை. தமிழில் பேசும்போது தூயதமிழ். ஆங்கிலத்தில் எழுதும்போது தூய ஆங்கிலம். வாளை உறையில் வைப்பதும் வேண்டும்போது உருவுவதுமே மறவர் முறை. அதைக் கொண்டு சோறு பிசைவாரில்லை.

அயற்சொல்லே எந்த மொழியிலும் கூடாதா என்பார்க்கு ஒரு விளக்கம். ஆங்கிலம் தமிழிலிருந்து கட்டுமரத்தையும் சுருட்டையும் மிளகுதண்ணீரையும் தன் வாய்க்கேற்ப எடுத்துக்கொண்டது. அவை ஆங்கிலேயரிடம் இல்லாத பொருள்கள். பொருளோடு சொல்லும் சென்றது. தன்னிடம் இருந்த சொல்லை எறிந்துவிட்டு அவற்றை எடுக்கவில்லை. தமிழரோ, புதிதாக வந்த பொருள்களுக்குங்கூடப் பேருந்து, மிதிவண்டி, தொடர்வண்டி, கணினி, மின்னஞ்சல் என்று தம் வேர்களினின்றே சொற்களை ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் படைத்தவர். புதுப்பொருளுக்கே பெயர் படைத்த இனம், பழம்பொருளின் பெயரை இழப்பது எவ்வளவு பெரிய மானக்கேடு!

மாணவர்க்குச் சில நெறிகள்

இறுதியாக, ஆங்கிலம் கற்க விரும்பும் மாணவ மாணவியர்க்குச் சில நெறிகள்.

முதலாவது, ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லையும் அதற்கு நேரான தமிழ்ச்சொல்லோடு இணைத்து ஒரு குறிப்பேட்டில் எழுதுக. நேரான தமிழ்ச்சொல் நினைவுக்கு வாராவிடில், பாட்டியிடமோ உழவரிடமோ கொல்லரிடமோ கேட்டறிக. ஆங்கிலம் கற்கப் புகுந்தவர்க்கு மறந்த தமிழும் மீண்டுவிடும்.

இரண்டாவது, தனிச்சொல்லாகக் கல்லாது தொடராகக் கற்க. வினைச்சொல்லை மூன்று காலத்திலும் மூன்று தொடரில் அமைத்து உரக்கச் சொல்லிப் பார்க்க. ஆங்கிலச் சொல்லின் பின் ‘பண்ணு’ சேர்ப்பதை அன்றே விடுக.

மூன்றாவது, நாளும் கால்மணி நேரம் நண்பர் இருவர் அமர்ந்து ஆங்கிலத்தில் மட்டுமே பேசுக. கடையில் பொருள் வாங்குதல், வழி கேட்டல், மருத்துவரிடம் நோயைச் சொல்லுதல், வேலைக்கு நேர்காணல் தருதல் என்று ஒரு நாளுக்கு ஒரு நிகழ்ச்சி போதும். பிழை வரும், வரட்டும். பிறந்த நாளன்றே தமிழும் பிழையின்றிப் பேசினார் எவருமிலர். சொல் கிடைக்காதபோது தமிழ்ச்சொல்லை இடையில் செருகாமல், தெரிந்த எளிய சொற்களாலே சுற்றிச் சொல்லப் பழகுக. அக்கால்மணி முடிந்ததும் தமிழுக்குத் திரும்பி, ஆங்கிலச் சொல் ஒன்றும் கலவாமல் பேசுக. முதல் சில நாள்களில், முன்னதைக் காட்டிலும் பின்னதே கடினம் என்பது தெரியவரும். அத்தெளிவே பெரும் கல்வி.

நான்காவது, நன்கு கற்றவர் மற்றவர்க்குக் கற்பிக்க. ஊர்தோறும் உள்ள தமிழ்மன்றங்கள் மாலைநேரத்தில் ஏழைப்பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி ஆங்கிலம் கற்பிக்கட்டும். ‘இருபது நாளில் ஆங்கிலம்’ என்று விளம்பரம் செய்து பணம் பறிப்பாரிடமும், குழந்தைகள் தமிழ் பேசினால் தண்டம் விதிக்கும் பள்ளிகளிடமும் அப்பிள்ளைகள் சிக்காதிருக்க இதுவே வழி. தமிழ்மன்றத்தில் கற்ற ஆங்கிலம் தமிழைத் தின்னாது.

தலை கவிழ்ந்து நின்றாளே அம்மாணவி, அவளிடம் மீள்வோம். அவளுக்குத் தமிழ் உண்டு, அறிவுண்டு, கற்கும் வேட்கையும் உண்டு. அவளுக்குக் கிடைக்காதது, ஈராண்டு கைபிடித்துக் கற்பிக்கும் ஒருவர் துணையும், சிரிக்காத ஒரு வகுப்பறையுமே. அவ்விரண்டையும் இவ்வரங்கில் அமர்ந்திருப்போர் தர முடியும். மூன்றாம் ஆண்டின் முடிவில் அவள் எழுந்து நின்று, தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் நான்கு தொடர் திருத்தமாகச் சொல்லட்டும். மாலையில் வீட்டிற்குத் தொலைபேசியில் பேசும்போது, தன் தாய்க்கு விளங்கும் தமிழில், ஓர் அயற்சொல்லும் கலவாமல் அதனை எடுத்துரைக்கட்டும். அன்று பின்வரிசையில் சிரிப்பொலி எழாது.

ஆங்கிலம் கற்க, நன்கு கற்க, திருத்தமாகக் கற்க. ஆனால் தமிழில் கலவற்க.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர்!